முத்திரை உடையாத சாவி

பஸ்ஸில் வருகிறவன் கையில் கார் சாவி எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள்? பாருங்கள், பரவாயில்லை. சிங்காநல்லூரில் ஏறியதிலிருந்து பார்க்கிறீர்கள், நானும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். என் காரின் சாவிதான். கார் எங்கே என்று கேட்பீர்கள். தாராபுரத்தில் நிற்கிறது. காலையில் என் மனைவி ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் நான் பஸ்ஸில் போகிறேன்.

நீங்களும் தாராபுரம்தானா? நல்லது. அப்படியென்றால் நிதானமாகச் சொல்லலாம். போன வாரம் ஒருவரிடம் சொல்ல ஆரம்பித்தேன், சூலூரிலேயே இறங்கிவிட்டார். பல்லடத்துக்கு டிக்கெட் எடுத்தவர்.

என் பெயர் தண்டபாணி. கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருடம். கடைசிப் பதினொரு வருடம் மேலாளர். அதை ஏன் சொல்கிறேன் என்றால், சாவி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. இது யார் மேலும் சந்தேகப்பட்டுச் செய்த ஏற்பாடு இல்லை. முறை. முறை என்று ஒன்று இருந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லை. இந்த வித்தியாசம் கலாமணிக்கு இன்று வரைக்கும் புரியவில்லை.

கலாமணி என் மனைவி. பஞ்சாயத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

கார் இரண்டாயிரத்து நாலாம் வருடத்து வண்டி. வெள்ளை. அந்தக் காலத்திலேயே திருட்டைத் தடுக்கிற சாவியோடு வந்தது. சாவியின் தலையில், இந்தக் கறுப்பு ரப்பருக்குள்ளே, சிப் என்று ஒன்று இருக்கும். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சாவியைப் போட்டுத் திருகினால் வண்டி அந்த சிப்பைத் தேடிப் பார்க்கும். இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் அணைந்துவிடும். எத்தனை தடவை திருகினாலும் இரண்டு வினாடிதான். இருபது வருடத்தில் என் வண்டியை யாரும் திருட வரவில்லை. அதுதான் அந்தச் சாவியின் பெருமை. இந்தப் பழைய வண்டியை யார் திருடுவார்கள் என்று என் மைத்துனர் கேட்பார். அவர் பேச்சை விடுங்கள்.

வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்றைத் திருப்பூரில் ஒரு கல்யாணத்தில் தொலைத்துவிட்டேன். தொலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, தொலைந்துவிட்டது. மீதி ஒன்று. ஓட்டுகிறவன் நான் ஒருவன். ஒன்று போதுமாக இருந்தது.

போன வருடம் ஐம்பத்தொன்பது வயதில் கலாமணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவந்து மேசையில் வைத்தாள். நான் மூன்றாவது தடவையில் வாங்கியவன். அப்போதெல்லாம் கண்டிப்பு அதிகம்.

காரணம் என்னவென்றால், அவளுடைய அக்கா மரகதம் தாராபுரத்தில் தனியாக இருக்கிறாள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வருவாள். அந்த நேரத்தில் கூட ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க ஆள் இல்லையென்றால் அந்த அம்மாள் பயத்தில் எழுந்து நிற்கவே மாட்டேன் என்கிறாள். இப்படியே படுத்திருந்தால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல?" என்றேன்.

"அந்தப் பொண்ணு செவ்வா, வெள்ளிதானுங்க வருது. ஞாயித்துக்கெழம போயி எங்கக்கா தூங்கறதப் பாத்துட்டு வரவா?"

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வூதியர் சங்கம். வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

"எனக்கும் ஒரு சாவி செஞ்சு குடுங்க. நானே போய்க்கறேன்" என்றாள்.

உக்கடத்தில் தாஹிர் பாய் என்று ஒருவர். பழைய கார்களின் சாவி, பூட்டு, எல்லாம் பார்ப்பார். சின்னக் கடை, ஆனால் சுவர் முழுக்கச் சாவி. போனேன். என் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிப்போட வேணுமா, வெறும் சாவியா சார்?" என்றார்.

"வெறும் சாவின்னா?"

"பல்லு மட்டும் வெட்டித் தர்றது. கதவு தொறக்கும், டிக்கி தொறக்கும். உள்ள ஏதாவது மறந்து வச்சுப் பூட்டிட்டா எடுக்கலாம். வண்டி மட்டும் ஓடாது."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. எனக்கு பெட்டக அறைதான் ஞாபகம் வந்தது. கதவு திறக்கிற சாவி ஒருவரிடம். ஓட்டுகிற சாவி ஒருவரிடம். ஒருவரை விட்டு ஒருவர் இல்லை. இதைவிட நல்ல ஏற்பாடு குடும்பத்துக்கு இருக்க முடியுமா? அவள் எழுபது கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவில் தனியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னால் சண்டை. வண்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

"சிப் வேண்டாம் பாய்" என்றேன்.

சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அவள் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் முறை முறைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு, அக்காவுக்குப் பிடிக்கும் என்று புளிச்சோறு கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்து சீட்டில். திருகினாள். ஸ்டார்ட் ஆனது. அணைந்தது. மறுபடி. அணைந்தது. மூன்றாவது. அணைந்தது.

"கிளட்ச்சை மெதுவா விடு" என்றேன்.

இதில் பொய் இருக்கிறதா சொல்லுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் கிளட்ச்சை மெதுவாகத்தான் விட வேண்டும். கிளட்ச்சால்தான் அணைகிறது என்று நான் சொல்லவே இல்லை. என் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்திலும் நான் பொய் எழுதியதில்லை.

நீங்கள் சன்னலைக் கொஞ்சம் இழுத்து மூடுங்கள், தூசி வருகிறது. ஆ, போதும்.

அவள் மறுபடியும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பத்து நாள் கிளட்ச் பழகினாள். "அங்க ஓடுது. நம்ம வண்டிதான் ஓட மாட்டேங்குது" என்றாள்.

"இருபது வருஷம் என் கை பழகின வண்டி. பழக்கமில்லாத கைக்கு அது அப்படித்தான் பண்ணும்" என்றேன். வாயில் வந்தது, சொன்னேன்.

அவள் ஆசிரியை அல்லவா, ஒரு நோட்டு போட்டாள். தேதி, நேரம், செருப்போடா செருப்பில்லாமலா, மழையா வெயிலா, எத்தனை வினாடி. இருபத்திரண்டு தடவை எழுதியிருந்தாள். எல்லாவற்றிலும் இரண்டு. ஒரு நாள் கேட்டாள், "அந்த மீட்டர் பக்கத்துல சாவி மாதிரி ஒரு செவப்பு லைட்டு மின்னுதே, உங்களுக்கும் மின்னுங்களா?" நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்றேன். அதுவும் உண்மைதான். எனக்கு மின்னினால்தானே பார்ப்பதற்கு?

மெக்கானிக் ராசப்பனைக் கூப்பிட்டாள். சாவி கேட்டான். என் சாவியைக் கொடுத்தேன். வேறு எந்தச் சாவியைக் கொடுப்பது? ஊரைச் சுற்றிவிட்டு வந்து, "வண்டி தங்கமா ஓடுதுங்க்கா" என்றான். ஆனாலும் அவள் விடாமல் சொன்னதால் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். நன்றாக இருந்த ஃபில்டர். எதிர்வீட்டு அம்மா சொல்லி வெள்ளிக்கிழமை தோறும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம் வாங்கிவந்தது நான்தான். நசுக்குவதற்கு வண்டி நகர வேண்டுமே, அதற்கும் நான்தான் ஏறி நகர்த்துவேன்.

அந்த மூன்று மாதமும் அவள் பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒண்டிப்புதூரிலிருந்து டவுன் பஸ், சிங்காநல்லூரில் மாறி இந்த பஸ், தாராபுரத்தில் இறங்கி ஆட்டோ. சில நாள் நேரத்துக்குப் போய்ச் சேருவாள், சில நாள் அந்தப் பெண் வந்துவிட்டுப் போயிருப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை பல்லடத்தில் பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது. அன்றைக்கு மரகதக்கா, தங்கச்சி வருகிற நேரம் என்று தானாகவே எழுந்து வாசல் வரைக்கும் வரப் பார்த்து, மறுபடி விழுந்துவிட்டாள். பெரிய அடி இல்லை. தையல் மட்டும்தான், நாலு. அதற்கும் சாவிக்கும் சம்பந்தம் இல்லை. பஸ் பஞ்சரானதுதான் காரணம். கலாமணியும் சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நான் சரியா பழகலீங்க. அதான்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அது அஜீரணம்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

என் சாவியின் ரப்பர் நைந்து பிளந்துவிட்டது. தாஹிர் பாயிடம் புது ரப்பர் கூடு ஒன்று வாங்கிவந்தேன். "நான் மாட்டித் தர்றேன் சார், உள்ள சிப் லூசா இருக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். சாவி என் கையைவிட்டு இன்னொருவர் கைக்குப் போவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே பிரித்தேன். எதிரில் கலாமணி முறத்தில் கறுப்பு உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிளேடால் நெம்பினேன், பழைய ரப்பர் பட்டென்று திறந்துகொண்டது. இரும்பை எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து, அழுத்தி மூடிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் செய்ததுதான் முக்கியம். அரக்கை உருக்கி மூட்டில் ஊற்றி முத்திரை வைத்தேன். பித்தளை முத்திரை, 'த' என்று எழுத்து, ஓய்வு பெறும்போது நானே செய்துவைத்துக்கொண்டது. வங்கியில் மாற்றுச் சாவியை உறையில் போட்டு இப்படித்தான் வைப்போம். முத்திரை உடையாமல் இருந்தால் உள்ளே இருப்பது பத்திரம் என்று அர்த்தம். எந்தத் தணிக்கை அதிகாரியும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டான். இதோ பாருங்கள். கீறல் உண்டா? தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

கலாமணி எவ்வளவு சுத்தக்காரி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு அந்த உளுந்திலிருந்து எதையோ பொறுக்கி எடுத்தாள். விரலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். "கல்லா?" என்றேன். "கல்லு மாதிரித்தான் இருக்கு" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்லைக்கூட வீசி எறிய மாட்டாள், அப்படி ஒரு சிக்கனம்.

மறுநாள் கைப்பை வாங்க வேண்டும் என்று உக்கடம் போனாள். பை வாங்காமல் திரும்பிவந்தாள். பிடித்த நிறம் கிடைக்கவில்லையாம். அன்றைக்கு மதியம் சோறு போடும்போது, "மேனேஜர் சாருக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னை மேனேஜர் சார் என்று கூப்பிட்டதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகாவது மரியாதை வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. மின்வாரிய அலுவலகம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. வண்டியில் ஏறினேன். திருகினேன். ஸ்டார்ட் ஆனது. அணைந்தது.

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மறுபடி திருகினேன். அணைந்தது. சாவியை எடுத்துப் பார்த்தேன், முத்திரை அப்படியே இருக்கிறது. மறுபடி. அணைந்தது. மீட்டர் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. கலாமணி கையில் அக்காவுக்குச் சோறு கட்டிய தூக்குப்போசியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றாள்.

மெதுவாகத்தான் விட்டேன். அணைந்தது.

"நான் ஒருக்காப் பாக்கட்டுங்களா?"

இறங்கி வழி விட்டேன். தாராளமாகப் பார்க்கட்டும், என் சாவிக்கே ஓடாதது அந்தச் சாவிக்கு எங்கே ஓடப்போகிறது? உட்கார்ந்தாள். போசியைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள், போசிக்கு. திருகினாள். ஸ்டார்ட் ஆனது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. பத்து வரைக்கும் எண்ணிவிட்டேன் சார். ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்தாள். "கேட்டைத் தொறங்க" என்றாள். திறந்துவிட்டேன். போய்விட்டாள்.

கேட்டை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். எதிர்வீட்டு அம்மா கைதட்டியது மட்டும் கேட்டது.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. செவ்வாய், வெள்ளி தவறாமல் போய்வருகிறாள். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் சாவியில் சிப் இல்லை. அது எனக்குத் தெரியும், தாஹிர் பாய்க்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு ஓடுகிறது. சிப் இருக்கிற என் சாவிக்கு ஓட மாட்டேன் என்கிறது. இதை அவளிடம் எப்படிக் கேட்பது? 'சிப் இல்லாத சாவியில் எப்படி ஓட்டுகிறாய்?' என்று கேட்டால், 'சிப் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பாள். அங்கே போய் நிற்கும்.

ராசப்பனிடம் கேட்டேன். "அக்கா சாவிலதான் நல்லா ஓடுதுங்களே, அதையே வச்சுக்கங்க" என்றான். வைத்தியம் தெரியாதவன்.

தாஹிர் பாயிடம் போனேன். நேரடியாகக் கேட்காமல், "பாய், சிப் இல்லாத சாவி, பழகப் பழக ஓட ஆரம்பிக்குமா?" என்றேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அம்மாகிட்ட கேட்டீங்களா சார்?"

"அவகிட்ட எப்படிக் கேக்கறது?"

"அப்ப உங்க சாவியத் தொறந்து பாருங்க."

"சீல் வச்சிருக்கேன் பாய். உடையலை. உள்ள இருக்கறது இருக்கு."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தொழிலில் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து மரியாதை இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

கடைசியில் நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சிரிக்காமல் கேளுங்கள். வண்டி அவள் கைக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன் என்றேனே, அது உண்மைதான் போலிருக்கிறது. மூன்று மாதம் விடாமல் உட்கார்ந்து திருகினாள் அல்லவா. நோட்டுப் போட்டு எழுதினாள் அல்லவா. அந்த எலுமிச்சம்பழத்துக்கும் பலன் இருக்கும். இதோ இந்தப் பையில் இருப்பதும் அதுதான், நாலு பழம்.

அவளோடு காரிலேயே போகலாமே என்கிறீர்களா? கூப்பிடத்தான் செய்கிறாள். "வாங்க, முன்னாடியே உக்காருங்க" என்பாள். போகும்போது போசி உட்காருகிற சீட்டில் நான் உட்காருவதில்லை. திரும்பிவரும்போது பின்சீட்டில் ஏறிக்கொள்வேன்.

தாராபுரத்தில் என்ன செய்கிறேன் என்றால், அந்த அரைமணி நேரம் உள்ளே அவர்கள் மரகதக்காவை நடக்கவைப்பார்கள். மூன்று பேரும் சத்தமாக ஒன்று, இரண்டு என்று அடி எண்ணுவார்கள். மூன்று அடியில் ஆரம்பித்தது, போன வாரம் நாற்பத்தோரு அடி. வாசல் தாண்டி வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டாள், கலாமணி கையைப் பிடிக்காமலே. அந்த நேரத்தில் நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து என் சாவியைத் திருகுவேன். வண்டி அணைகிற சத்தம் கேட்டதும் உள்ளே மரகதக்கா சிரிப்பாள். சிரித்தால் இடுப்பு வலிக்குமாம், ஆனாலும் சிரிக்கிறாள். "எத்தனைங்க?" என்று கலாமணி சன்னலிலிருந்து கேட்பாள். "ரெண்டு" என்பேன். நானும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

என்ன? காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டுமா? சரி, கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். முத்திரையில் விரல் படக்கூடாது. சத்தம் ஏதாவது வருகிறதா? வரவில்லை அல்லவா? இறுக்கமாக வைத்த பொருளில் சத்தம் வராது.

திறந்து பார்க்கலாம்தான். நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள். திறந்து, உள்ளே இருந்துவிட்டால், வண்டி என்னை வேண்டாம் என்று சொல்வதாக ஆகிவிடும். உள்ளே இல்லாவிட்டால்… இல்லாவிட்டால் கலாமணி இந்த நாலு மாதமாக… இல்லை. முத்திரை உடையவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

ஸ்டாண்டு வந்துவிட்டது. அதோ, அந்த டீக்கடை ஓரமாக, வெள்ளை வண்டி. என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் தெரிகிறதா? மரகதக்கா. வீட்டைவிட்டு வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது அந்த அம்மாள். பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள், எனக்கு. இன்ஜினை அணைக்கவே இல்லை, எவ்வளவு நிதானமாக ஓடுகிறது.

அந்தப் பையை இப்படிக் கொடுங்கள், பழம் நசுங்கிவிடும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், இரண்டரை வினாடி. அவள் இரண்டு என்கிறாள். நான் நோட்டில் இரண்டரை என்றுதான் எழுதியிருக்கிறேன்.